கானுக்குள் வைத்த போர்டு

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பஸ் கிளம்பியதும் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"ரோட்ட நல்லாப் போட்டதுல இருந்து நான் கானுக்குள்ளதான் நடக்குறேன் அக்கா."

"ரோட்டோரம் தண்ணி ஓடுற வடிகானுக்குள்ளயா?"

"வேற எங்க நடக்குறது? முந்தி ரோடெல்லாம் குழி, வேனுங்க மெதுவா வந்துச்சு. இப்ப தாரு ஊத்தி கார்ப்பெட் போட்டு அகலமாக்கிட்டாங்க, ஓரமே இல்ல. போன மாசம் கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்ப, இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க ஒரு வேன் உரசிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு இருந்து கானுதான். மகளும் ஸ்கூல் சப்பாத்தக் கையில புடிச்சுக்கிட்டு பின்னாடியே வரும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு ரோட்டு ஆபீசுக்கு மனு குடுத்தோம். அங்க இருந்து ஒரு ஐயா ஜீப்புல வந்தாரு. அந்தப் பக்கம் போயிப் பாக்கணும்னு எறங்கி நின்னாரு. பத்து நிமிஷமா கடக்க முடியல. கடைசில திரும்ப ஜீப்புல ஏறித்தான் அந்தப் பக்கம் போனாரு."

மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப அவருக்கு நல்லா வெளங்கியிருக்குமே."

"வெளங்குச்சு. ரெண்டு கெழமையில போர்டு வச்சாங்க. 'நடந்து செல்வோர் கவனம்'னு மூணு பாஷையிலயும் எழுதியிருக்கு."

"அதையாவது வச்சாங்களே."

"வச்சது கானுக்குள்ள அக்கா. அதச் சுத்திப் போறதுக்கு நாங்க இப்ப ரோட்டுல ஏற வேண்டியிருக்கு."