கடைசி வீட்டிலிருந்து மூன்று தட்டு

மாலை ஏழு மணி. குடியிருப்பின் மதிலை ஒட்டிப் போகும் நீளப் பாதை. ஒரு விளக்கு எரியும், அடுத்தது எரியாது. தினமும் அந்த நேரத்துக்கு அதில் ஒரு பெண் தனியாக நடந்து வருவாள். ரப்பர் செருப்பின் சத்தம்... சப்... சப்... சப். பிறகு பூட்டைத் திறக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, சுவரில் மூன்று தட்டு.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள்.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் முடித்துவிடுகிறேன், வெளிச்சத்தில் இந்தக் கதைக்கு மரியாதை கிடைக்காது. சுவரில் சாய்ந்தால்தான் கதை கேட்க முடியும் என்பவர்கள் தாராளமாகச் சாயலாம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இது என் பள்ளித் தோழியின் சித்திக்கு நடந்தது. அதே வரிசையில்தான் எங்கள் வீடும் என்பதால், பாதி தோழி சொன்னது, மீதி சுவர் சொன்னது. ஒட்டுக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்தச் சுவரில் நாம் காதை வைக்க வேண்டியதே இல்லை, அதுவாகவே வந்து சொல்லும். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் செங்கல். முதல் வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் மூக்கைத் துடைப்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் ஒரு வீட்டில் ரேடியோ ஏறியதும் மற்ற வீடுகளில் எல்லாம் ரேடியோவை அணைத்துவிடுவோம்.

இப்படிப்பட்ட சுவர் இருக்கும்போது வாசல் வரை யார் நடப்பது? எல்லாமே தட்டுதான். கரண்டியால் தடதடவென்று அடித்தால், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் முட்டியால் மூன்று தட்டினால், ‘பிள்ளையை இங்கே அனுப்பு.’ பதிலுக்கு ஒரே ஒரு தட்டு என்றால், ‘தூங்குது, இப்ப வராது.’ யார் வேலை முடிந்து சும்மா இருக்கிறார்களோ அவர்கள் தட்டுவார்கள், பிள்ளைகள் ஓடுவோம். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பது படுக்கிற நேரத்தில்தான் எங்களுக்கே தெரியும்.

கடைசி வீட்டில் நர்ஸம்மா இருந்தாள். தனி ஆள். ஏன் தனி ஆள் என்பதற்கு வரிசையில் மூன்று விதமான கதைகள் உண்டு. மூன்றும் எனக்குத் தெரியும், இப்போது வேண்டாம். அதற்கு முந்திய வீடு தோழியின் சித்தி வீடு. சித்திக்கு நான்கு வயதில் ஒரு மகள். ஓர் இடத்தில் நிற்காது, அதனால் பெயர் வாலு. வேலையிலிருந்து வந்ததும் நர்ஸம்மா மூன்று தட்டு தட்டுவாள். வாலு பறக்கும். முதல் வேலையாக அதன் காலைக் கழுவித் துடைப்பாள், ஆஸ்பத்திரிக்காரி இல்லையா. பிறகு காலி மருந்துப் பெட்டிகளை வைத்து இரண்டு பேரும் ரயில் விடுவார்கள்.

ஒரு நாள் குழாயடியில் அத்தனை பேர் நடுவில் வாலு நர்ஸம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டது. பெற்றவள் பக்கத்திலேயே குடத்தோடு நிற்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மா தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

அன்று மாலை மூன்று தட்டு வந்தது. சித்தி பதிலுக்கு ஒன்று தட்டினாள். மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும். வாலு சுவர் ஓரத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, “நான் தூங்கலையே” என்று சொல்லும்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு நர்ஸம்மா குழாயடியில் மெதுவாகக் கேட்டாள்.

“பாப்பா இப்பல்லாம் ரொம்பத் தூங்குறா போலிருக்கே?”

“ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும், பிள்ளைங்க எப்பத் தூங்கும்னு” என்றாள் சித்தி.

நர்ஸம்மா பாதிக் குடத்தோடு போய்விட்டாள். அதோடு தட்டுவதும் நின்றது.

பிறகு ஒரு மழை நாள். மறுபடி மூன்று தட்டு. சித்தி ஒன்று தட்டினாள். மறுபடி மூன்று. மறுபடி ஒன்று. மறுபடி மூன்று... சித்திக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எவ்வளவு திமிர் என்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தாள். நல்ல சண்டை வரப்போகிறது என்று வரிசையே ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. ஏமாற்றத்தோடு படுத்துவிட்டோம்.

மறுநாள் வேலைக்கு வரவில்லையே என்று ஆஸ்பத்திரி வண்டிக்காரர் வந்து கதவை உடைத்தார். நர்ஸம்மா சுவர் ஓரமாகத் தரையில் செத்துக் கிடந்தாள். ஒரு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு, வாய் கோணியிருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. சுண்ணாம்புச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பழுப்பாக ஒரு கறை.

தண்ணீருக்குத் தட்டு இருந்தது. பிள்ளைக்குத் தட்டு இருந்தது. ‘என்னால் எழுந்திருக்க முடியவில்லை’ என்பதற்கு எங்கள் வரிசையில் தட்டே கிடையாது. எதைத் தட்டினால் ஒரு ஆள் ஓடி வருமோ, அதைத் தட்டியிருக்கிறாள்.

வீட்டைப் பூட்டிவிட்டார்கள். சில வாரங்கள் போயின. ஒரு மாலை, அதே ஏழு மணி. சப்... சப்... சப். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை. அப்புறம், மூன்று தட்டு.

சித்தியின் கணவர் லாரி மெக்கானிக். எலி என்றார். எலி எண்ணிக்கொண்டா தட்டும் என்றாள் சித்தி. பயத்தில் அவளையறியாமல் கை சுவருக்குப் போனது. ஒன்று தட்டினாள். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். பதில் கொடுத்தால் நிற்கும். கொஞ்சம் தாமதித்தாலும் வாலு எழுந்து வாசலைப் பார்த்து நடக்கும்.

ஒரு நாள் மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்குத் தட்டாமல் இருந்து பார், என்ன ஆகிவிடும் என்றார். இவர்கள் இருவரும் வாக்குவாதம் செய்து முடித்துத் திரும்பியபோது வாலு இல்லை. கடைசி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தது. கதவில் பூட்டு தொங்கியபடியே இருந்தது. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் குழந்தையின் கால் இரண்டும் ஈரம். விரல் இடுக்கில்கூட மண் இல்லாமல் சுத்தமாக...

அதற்கப்புறம் அவர் எலி என்று சொல்லவில்லை. அந்த மாதமே வீட்டை மாற்றினார்கள்.

புது வீட்டைச் சித்தியே தேடிப் பிடித்தாள். ஊரின் அடுத்த மூலையில், அடுக்கு மாடியில், நான்காவது மாடி. அதிலும் ஓரத்து வீடு. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை, மாடிப்படி இல்லை, ஜன்னல் விளிம்புகூட இல்லை. வெறும் காற்று. “இனி எவ வந்து தட்டுறானு பார்ப்போம்” என்று என் தோழியிடம் சொல்லிச் சிரித்தாளாம். பல மாதங்கள் நிம்மதியாகத் தூங்கினாள். உடம்பு கூட ஒரு சுற்றுப் பெருத்தது.

அப்புறம் ஒரு மாலை. மெக்கானிக் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வாலு விளையாடிக் களைத்துப் போய், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் இல்லை. ஸ்பிரிட் வாசனை மட்டும்.

மூன்று தட்டு. வெளியே காற்று மட்டும் இருக்கிற அந்தச் சுவரில்.

சித்தி விழுந்தடித்து ஓடி ஒன்று தட்டினாள். நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்...

மறுபடி மூன்று.

பதில் கொடுத்த பிறகு மறுபடி தட்டியது, நர்ஸம்மா செத்த அந்த மழை நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சித்தி சுவரில் நெற்றியை வைத்து, முதன்முறையாக வாய் திறந்து கெஞ்சினாள்.

“நிஜமாவே தூங்குறாக்கா. இன்னைக்குச் சத்தியமா தூங்குறா.”

கட்டிலில் வாலு அசைந்தது. கண்ணைத் திறக்கவில்லை. “அம்மா” என்றது.

சித்தி பாய்ந்து போய்க் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “இங்கதான்டா செல்லம் இருக்கேன். அம்மா இங்கதான் இருக்கேன்.”

குழந்தை சுவரைப் பார்த்தபடியே சொன்னது.

“உன்னக் கூப்பிடல.”