மடிப்பு மாற்ற வேண்டிய பட்டு

கடக்வாஸ்லாவில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். கால் வலித்ததால் வந்த பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் அக்காவும் தங்கையும் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை.

"அத்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ உனக்கு ஏன்க்கா வெள்ளை?"

"ஆசிரமத்துல எல்லாருக்கும் அதுதான்டி. வீட்டுச் சுவரும் வெள்ளைதான். ஆணிகூட இருக்கக் கூடாதாம். எங்க கல்யாண போட்டோவைக்கூடக் கழட்டியாச்சு."

"என் பொண்ணு கல்யாணத்துக்கும் இப்படியேதான் வருவியா?"

"கலர் கட்டினா விலக்கி வெச்சிடுவாங்க. உங்க அத்தான் அவங்க பேச்சைத் தாண்ட மாட்டார்."

"பையில என்ன?"

"என் கூறைப்பட்டு. ஞாயித்துக்கிழமை ஆசிரமத்துலேர்ந்து பீரோவைப் பார்க்க வராங்க. உன் வீட்டுல வை."

"கல்யாணத்துக்கு வந்து கட்டிக்கறதா இருந்தா வைக்கறேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் ஸ்டாப் வந்ததும் பையைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்பப்போ மடிப்பு மாத்தி வைடி. ஒரே மடிப்புல கெடந்தா பட்டு இத்துப் போயிடும்."

மறுநாள் காலை ஔந்தில் ஒரு பெயின்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளை அடிக்கும் முன் சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கச் சொன்னார்.