பாயசம் ஊற்றிய கிரேக்கக் கோப்பை

பெயர் உடையப்பன், வயது 41, சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம், துபாய் கராமாவில் ரகுநாதன் சார் வீட்டில் சமையல் வேலை.

09.03.2007 வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அன்றைய விருந்தில் சேமியா பாயசத்தை டம்ளரில் கொடுப்பதில்லை என்று ரகுநாதன் சார் முடிவெடுத்து, வீட்டார் அனைவரையும் கூடத்துக்கு வரவழைத்து அறிவித்தார். அதன்பின் ஏதென்ஸில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய கோப்பையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அது தட்டுப் போல அகலமானது, இரண்டு பிடியும் ஒரு காலும் உள்ளது. உள்ளே அடியில் ஒருவன் குனிந்து வாந்தி எடுக்க, ஒரு பெண் அவன் தலையைப் பிடித்திருப்பதாகப் படம் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் பழையது, வரைந்தவன் பெயர் தெரியாது, கோடு இழுத்த கைவாகை வைத்துத்தான் இன்னார் வேலை என்று அடையாளம் சொல்வார்கள், ஆட்களை மண் நிறமாக விட்டுச் சுற்றிலும் கறுப்பைப் பூசிச் சுட்டிருக்கிறான், குடித்து முடித்தால்தான் படம் தெரியும் என்று சார் விளக்கினார். அவர் மனைவி ஷியாமளா அம்மா, "பாயசத்துக்கு அடியில இதையா வைப்பாங்க?" என்று கேட்டார்.

அதன்பின் விருந்தாளிகள் ஐந்து பேர் வந்தார்கள். ஒரே கோப்பையில் வாய் வைத்துக் குடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதே கிரேக்க முறை என்று சொல்லி, சார் முதலில் குடித்துவிட்டு விருந்தாளிகளில் ஒருவரான பாலகுரு சாரிடம் நீட்டினார். விளிம்பில் சேமியா ஒட்டியிருந்தது. எச்சிலுக்கு அஞ்சிப் பாலகுரு சார் அண்ணாந்து ஊற்றிக்கொண்டதில், கோப்பை அகலமாக இருந்ததால் பாயசம் சட்டையிலும் மூக்கிலும் போனது. மூக்கில் போனது கோப்பைக்கே திரும்பி வந்தது. அடுத்து உட்கார்ந்திருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஷியாமளா அம்மா, "உடையப்பா, ஒவ்வொருத்தர் குடிச்சதும் நல்லாத் தேச்சுக் கழுவிக் கொடு" என்றார்.

அதன்பின் நான் இடது பெருவிரலைக் கோப்பைக்குள் அழுத்திப் பிடித்து, வெந்நீரும் சோப்புப் பொடியும் போட்டு வலது கையால் நார் கொண்டு தேய்த்தேன். தண்ணீர் கறுத்தது. பழைய அழுக்கு என்று நினைத்தேன். அடுத்து ஊற்றிய பாயசம் சாம்பல் நிறமாக இருந்தது. எள் போட்டதா என்று கேட்டு, அதை வாங்கிய விருந்தாளி குடித்தார். மூன்றாம் கழுவலில் கறுப்பு முழுவதும் போய்விட்டதால், வாந்தி எடுத்தவனும் அந்தப் பெண்ணும் இல்லாமல் போனார்கள். கோப்பை பூந்தொட்டி நிறத்தில் இருந்தது.

அதைக் கண்ட சார், "ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாப் போகாத கறுப்பு உன் சோப்புப் பொடியிலயா போகும்? இது வேற கோப்பை. என்னோடதை எங்கடா வித்தே? அது திரும்பி வரலைன்னா உனக்கு ஜெயில்தான்" என்றார். "நீங்க கையில குடுத்ததுதான் சார் இது" என்றேன். அதன்பின் என் பெட்டியைச் சோதித்ததில் இரண்டு கைலியும் ஒரு தைலப் புட்டியும் இருந்தன. அதன்பின் சார் போலீசுக்குப் போன் செய்தார். கோப்பையை நான் திருடவில்லை, மாற்றவும் இல்லை.

இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும் மட்டுமே, கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரி.

குறிப்பு: இவருக்குக் கையெழுத்துப் போட வராது. இடது பெருவிரலில் கறுப்புச் சாயம் ஏறிப் போகாமல் இருந்ததால், வலது பெருவிரல் ரேகை எடுக்கப்பட்டது.

கௌஸ் முகம்மது,
காவல் நிலைய மொழிபெயர்ப்பாளர்