நாலாம் செட்டில் இருபத்தொன்பது டிகிரி

நெட்வொர்க் கார்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். பாதிப் பழுது அதிலேயே சரியாகிவிடும். அன்றைக்கும் நான் அதைத்தான் முதலில் செய்தேன். நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருப்பதால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெபஸ்டின். சேலத்துக்காரன். எருமப்பட்டிப் பக்கம் உள்ள இந்தக் கோழிப்பண்ணையில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி தண்டாயுதபாணி. இங்கே கோழிகள் இருக்கும் நான்கு கொட்டகைகளும் மூடிய செட்டுகள், ஜன்னல் கிடையாது. பெரிய மின்விசிறிகள்தான் கோழிகளுக்கு மூச்சு. ஒவ்வொரு செட்டின் சூடும் ஆபீஸ் சர்வருக்கு வரும். முப்பத்து மூன்று டிகிரியைத் தாண்டினால் சூப்பர்வைசரின் போனுக்கு எச்சரிக்கை போகும். அவர் 'பார்த்தேன்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். முன்பு செட்டுகளில் சைரன் இருந்தது. அது அலறினால் மறுநாள் முட்டை குறைகிறது என்று கழற்றிவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நோய் வந்ததிலிருந்து ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு செட்டில் நுழைந்தவர் குளித்து, உடை மாற்றி, ஆபீஸில் அனுமதி கேட்காமல் அடுத்த செட்டின் கதவைத் தொடக் கூடாது. அதனால் சந்தேகம் வந்தால் யாரும் கதவைத் திறப்பதில்லை. எனக்குப் போன் செய்வார்கள்.

முதலாளியின் மகன் சிவபிரகாஷ், "சித்திர வைகாசி தாண்டற வரைக்கும் சர்வர்ல கைய வெக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். மே மாதம் அந்த வியாழக்கிழமை வீட்டார் எல்லோரும் மல்லசமுத்திரத்தில் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு அப்டேட் ஒன்று பல நாளாக நின்றிருந்தது. சின்ன வேலை என்று நினைத்துப் போட்டேன். பதினொன்றேகாலுக்குச் சர்வர் திரும்ப எழுந்தபோது கார்டு செத்திருந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது, ஆனால் எதுவும் போகவில்லை, வரவில்லை. கேபிளை மாற்றினேன், சுவிட்சில் வேறு துளையில் செருகினேன், மறுபடி அணைத்து எழுப்பினேன். பழைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன் மங்கிக் கிடந்தது. போனில் பழையதைத் தேடி இறக்கி, பென் டிரைவில் ஏற்றிப் போட வேண்டும். அவ்வளவுதான். தெரிந்த வேலை, முக்கால் மணி நேரம்.

ஆனால் ஆபீஸ் சுவரில் உள்ள பெரிய திரையில் நான்கு செட்டுகளுக்கும் நேராக வெறும் கோடுகள் வந்துவிட்டன. வீட்டார் எந்த நேரமும் திரும்பலாம். அதனால் செட்டிங்கில் ஒரு மாற்றம் செய்தேன்: தொடர்பு இல்லாதபோது கடைசியாக வந்த அளவையே காட்டும்படி. நான்கு செட்டுகளும் இருபத்தொன்பதுக்குத் திரும்பின. பார்க்க நிம்மதியாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு சூப்பர்வைசர் செங்கோட்டையன் மூன்றாம் செட்டிலிருந்து போனில் கூப்பிட்டார். நாலாம் செட்டைப் பார்த்துக்கொள்ளும் ரங்கன் அன்று விடுப்பு.

"ஏனுங்க சார், நாலாஞ் செட்டுப் பக்கம் காத்துச் சத்தம் கொறஞ்சாப்பல தெரியுதுங்க. மூணாவதுல ஃபேன் போடற கூச்சல்ல சரியா வெளங்கல. அங்க எவ்வளவு காட்டுது?"

திரையைப் பார்த்தேன். "இருபத்தொன்பதுங்க அண்ணே."

"குளிச்சுப்போட்டு ஒரு எட்டு உள்ள போய்ப் பாத்துரட்டுங்களா?"

"வேண்டாங்க. நல்லாத்தான் இருக்குது."

"செரிங்க. எம்பட காதுக்குத்தான் வயசாயிப்போச்சாட்டம் இருக்குது," என்று சிரித்தார்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கார்டு உயிர் பெற்றது. நாலாம் செட்டு நாற்பத்திரண்டு காட்டியது. அங்கே மெயின் சுவிட்ச் விழுந்து, மின்விசிறிகள் நின்று அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முப்பத்தோராயிரம் கோழிகள். கதவைத் திறந்தபோது அவை ஒன்றன்மேல் ஒன்றாக, காற்று வரும் பக்கம் தலை வைத்துக் கிடந்தன. செங்கோட்டையன் உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தேன்.

கார்டு செத்திருந்த அந்த இடைவெளியைச் சர்வரின் பதிவேட்டில் நிரப்ப இருபது நிமிடம் ஆனது. பதினொன்று நாற்பத்தைந்திலிருந்து சூடு ஏறுவதாக எழுதினேன். பதினொன்று ஐம்பத்திரண்டு, எச்சரிக்கை அனுப்பப்பட்டது. பதினொன்று ஐம்பத்து நான்கு, பார்த்தேன், செங்கோட்டையன்.

மாலையில் முதலாளி எல்லோரையும் கூட்டி அதை என்னைப் படிக்கச் சொன்னார். "சார்கிட்டக் கேட்டனுங்களே" என்றார் செங்கோட்டையன். கேட்டார், அப்போது இருபத்தொன்பதுதான் காட்டியது என்றேன். அது உண்மை. போனில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றார். அழித்திருப்பான் என்றார் சிவபிரகாஷ். குடித்திருப்பான் என்றார் வேறொருவர். அவர் குடியை விட்டு நான்கு வருடமாகிறது என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவரும் மனைவி நல்லம்மாளும் பண்ணை வீட்டைக் காலி செய்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொன்னேன். கூடுதலாக இரண்டு சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த இரண்டுதான் அதிகம் கூசுகிறது.

போன மாதம் அவரைப் பார்க்க சேந்தமங்கலம் போனேன். மைத்துனர் வீட்டில் இருக்கிறார்கள். வேலைக்குப் போவதில்லை. கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம்.

"பண்ணையில இருந்து வந்து பாத்தது நீங்க ஒருத்தருதானுங்க சாமி" என்று நல்லம்மாள் டம்ளரில் மோர் கொடுத்தார். நான் குடித்தேன்.

செங்கோட்டையன் தன் வலது கைக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நெனப்பே இல்லீங்க சார். ஆனா மெசின்ல அப்படித்தான் இருக்குதுங்குறாங்க. நாந்தான் அமுத்தியிருப்பனுங்களா?"

உங்களிடம் இப்போது சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்ல அதுதான் நேரம். மைத்துனரும் வெளியே போயிருந்தார்.

"இருக்கலாங்க அண்ணே," என்றேன். "அந்த வெயில்ல யாருக்குமே நெனப்புத் தப்பும்."

அவர் மெல்லத் தலையாட்டினார். மனதுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.