தாம்பாளத்தில் ரத்தப் பரிசோதனை

கல்மண்டபத்தில் பஸ் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

“சின்ன பொண்ணுக்கு பாத்த மாப்ள லாரி ஓட்றாருன்னு எய்ட்ஸ் டெஸ்ட்டு கேட்டியே, இன்னாச்சுடி?”

“நிச்சயத்தன்னிக்கு வெத்தல பாக்கோட ரிப்போர்ட்டையும் தட்டுல வச்சிட்டாருக்கா. ஒண்ணியும் இல்ல.”

“அப்பால இன்னா பேஜாரு?”

“‘பேங்க்ல கீற பெரிய மாப்ளையும் ஒருவாட்டி டெஸ்ட்டு எடுத்துக்கட்டுமே’ன்னு சிரிச்சிக்கினே சொன்னாரு. பெரிய மாப்ள சாப்டாமயே கெளம்பிட்டாரு.”

“அவரு கட்டிக்க வந்தப்ப நீ டெஸ்ட்டு கேக்கவே இல்லியே.”

“எய்ட்ஸ் வெளம்பரம்னு செவுத்துல லாரிதானக்கா வரஞ்சிகீறான். பேங்க்கா வரஞ்சான்?”

மூத்தவள் சிரித்தாள். காலடிப்பேட்டையில் இறங்கும்போதுதான் சிரிப்பில்லாமல் சொன்னாள்:

“மொதல்ல பெரிய பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”