எதுவும் மிஞ்சவில்லை, அம்மா

கைபேசியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்கள் முதலில் ஒரு பொய் சொல்வார்கள். தண்ணீரில் விழவே இல்லை என்பார்கள். திறந்தால் உள்ளே சோப்பு நுரை காய்ந்திருக்கும். நான் யாரையும் மடக்கியதில்லை. "காத்துல ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கடைத்தெருவில் எங்கள் நிறுவனத்துக்கு நல்ல பெயர் என்றால் அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் கிளைகளில் பழைய கைபேசியை வாங்கிக்கொண்டு புதியது தருவோம். வாங்கியவை ஒரு நீலத் தட்டில் கிடக்கும். காலையில் வந்ததும் அவற்றில் இருப்பதையெல்லாம் அழிப்பதுதான் என் முதல் வேலை. அதற்கு மூளை வேண்டாம், விரல்களே பார்த்துக்கொள்ளும். என் மகள் விபத்தில் போன பிறகு அவளுடைய கைபேசிக்குத் திரை மாற்றினேன். மாற்றி முடித்ததும் விரல்கள் வழக்கம்போல் மேலே தொடர்ந்தன. நிமிர்ந்து பார்த்தபோது, எந்த மொழி வேண்டும் என்று அது புதுக் கைபேசிபோல் என்னைக் கேட்டது.

"அதுல பாட்டு பாடி வெச்சிருந்தாளே, அதுவுமா போச்சு?" என்றாள் மனைவி. திட்டியிருந்தால் தேவலை. தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. மகளின் குரல் இப்போது எனக்குச் சரியாக நினைவில் இல்லை.

மகள் இறந்தது மட்டும்தான் மேலாளருக்குத் தெரியும். அதன்பின் இறந்தவர்களின் கைபேசி எந்தக் கிளைக்கு வந்தாலும் எனக்கே அனுப்பினார். "பிள்ளைய பறிகொடுத்தவர். பக்குவமா பேசுவார்" என்பாராம். பக்குவமாகத்தான் பேசினேன். எதுவும் மிஞ்சவில்லை என்பதை மனம் நோகாமல் சொல்ல வேண்டும் அல்லவா? அழுதவர்கள்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பெரும்பாலான கைபேசிகளில் எல்லாம் அப்படியே இருந்தன. நான்தான் அந்தக் குரல்களைக் கேட்டுவிட்டு அழித்தேன்.

கோபப்படாதீர்கள். போனவர்களின் குரலைக் காதில் வைத்துக்கொண்டே கிடந்தால் மனிதர் எப்படித் தேறுவார்? புண்ணைச் சொறிந்துகொண்டிருந்தால் ஆறாது. அவர்களுடைய பாரத்தை இறக்கிவைத்தேன், அவ்வளவுதான்.

எதிர்வரிசை மருந்துக்கடை அம்மாவுக்கும் அதைத்தான் செய்தேன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர், ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டார். அவனுடைய கைபேசியில் பெரிய கோளாறு இல்லை. சார்ஜ் ஏறும் துளையில் துணித்தூசி அடைத்திருந்தது. ஊசியால் எடுத்ததும் விழித்துக்கொண்டது. "அம்மா, சாவிய செருப்புக்குள்ள வெச்சிருக்கேன், தேடாத" என்று ஒரு குரல். "கடைய சீக்கிரம் மூடும்மா, பசிக்குது" என்று இன்னொன்று. நல்ல பையன். அழித்தேன். என் மேசைக்கு மேலிருக்கும் கேமராவில் அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

கேமராவில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கையை விரித்ததும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்க பொண்ணு குரலாவது உங்ககிட்ட இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்கும்மா" என்றேன்.

"நல்லவேளை. நீங்களாவது கேட்டுக்கிட்டே இருங்க." எனக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். வாசல்வரை போனவர் ஏதோ நினைவு வந்து திரும்பினார். "வீட்ல அவனோட பழைய லேப்டாப் ஒண்ணு கிடக்கு. போன்ல இருக்கறதையெல்லாம் அதுல ஏத்தி வெச்சிருந்தான்னு நினைக்கிறேன். எனக்குத் திறக்கத் தெரியல. கொண்டு வரவா?"

"நீங்க எதுக்கும்மா அலையணும்? நானே வீட்டுக்கு வந்து பார்க்கறேன். எங்க கடையில அந்த வசதி உண்டு."

எங்கள் கிளைகள் எதிலும் அப்படி ஒரு வசதி கிடையாது.

சொன்னபடி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்குச் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனார். லேப்டாப்பில் எல்லாமே இருந்தன. சத்தத்தைக் குறைத்துவைத்து, ஒன்றுவிடாமல் கேட்டேன். பிறகு அழித்தேன். அன்று எனக்கு விடுமுறை நாள்.