கால் முளைக்கும் வரை

குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. புதிதாக வளர்க்கிறவர்கள் முதலில் செய்கிற தப்பு அதுதான். வாளியில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். குளோரின் வாசனை போன பிறகு கையை விட்டுப் பார்க்க வேண்டும். கை தண்ணீரில் இருப்பதே தெரியாத அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் ஊற்றலாம். எங்கள் வீட்டில் இதைத் தவறாமல் செய்தவள் நான். என் தம்பி அல்ல, அந்தப் பெண்ணும் அல்ல. இதை முதலில் எழுதிக்கொண்டீர்களானால் நன்றாக இருக்கும் மேடம். நான் ஈவிரக்கம் இல்லாதவள் என்று ஸ்டேஷன் வாசலில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

நான் வீட்டிலிருந்தே திரைச்சீலை தைக்கிறவள். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது. மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். இன்றைக்கு முடி நரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை பொத்தான்களைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டீர்கள். ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷர். "தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்க, நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒருவர் பெருந்தன்மை காட்டினால் சந்தேகம் வராதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர் வீட்டு அம்மா கண் கலங்கி, தன் பெண்களைக் கூப்பிட்டு, "அக்கான்னா இப்படி இருக்கணும்" என்று என்னைக் காட்டினார். ஒரு தடவை அப்படிக் காட்டப்பட்டவள் அதற்கப்புறம் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ள முடியாது. தியாகம் என்று ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால் பார்க்க நன்றாக இருக்காது.

சின்னவன் ரொம்ப சாது. வேலை விட்டு வந்ததும் சோபாவில் உட்காருவான். உட்கார்ந்தபடியே தூங்குவான். எழுப்பினால் சாப்பிடுவான். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. நான் வளர்த்த விதம் என்று நினைத்திருந்தேன். அவன் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தபோதுதான், டாக்டர் அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இது சாதுத்தனம் இல்லை, தைராய்டு என்றார். தொண்டையில் இருக்கிற ஒரு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது.

மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும். கொஞ்ச நாளில் அவன் குளிக்கும்போது பாட ஆரம்பித்தான். தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்காமல் முடி வெட்டிக்கொண்டு வந்தான். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பெண்ணை அவன் சந்தித்தது ஒரு லிஃப்டில். கடைகள் இருக்கிற கட்டடம். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே அவள். இவன் போய்க் கதவை நெம்பித் திறந்தால், கைநீட்டி ஏறி வருவதற்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பையை நீட்டினாளாம். "முதல்ல இவங்களைப் பிடிங்க, நான் அப்புறம் வர்றேன்." பைக்குள் மீன்கள். அவள் அதே கட்டடத்தில் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறாள். இந்தக் கதையைச் சின்னவன் சாப்பிடும்போது சொன்னான். மறுநாளும் சொன்னான். அடுத்த வாரம் முதல் தடவை சொல்கிற மாதிரி சொன்னான். எதிர் வீட்டு அம்மா மட்டும், மீன் விற்கிற பெண் என்றதும், "வெட்டிக் குடுப்பாளா?" என்று கேட்டார். நான் திருத்தவில்லை.

பிறகு ஒருநாள் தொட்டி வந்தது. கூடத்தில் நான் துணி வெட்டுகிற மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்தார்கள். அவள் பையை அவிழ்த்து விட்டாள். நான் மீன் என்று நினைத்தேன். தலைப்பிரட்டைகள். கண்ணாடி மாதிரி உடம்பு, வாயோரத்தில் இரண்டு மெல்லிய மீசை, தலை கீழாக நின்று வாலின் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தன. இந்த வகைத் தவளைகள் கரைக்கே வராதாம். ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்தான். அதைக் கேட்டபோது எனக்கு அவற்றின்மேல் ஒரு பிரியம் வந்தது. வீட்டை விட்டுப் போகாத பிராணிகள்.

அவளைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டேன். மரியாதையான பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கீரைப் பொடி மாதிரி ஒரு தீனியைக் கொடுத்தாள். கெட்டுப்போயிருக்கிறதா என்று தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் உள்ளே திரைச்சீலைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன். இருவரும் தொட்டி முன்னால் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"இன்னும் சொல்லலையா நீங்க?"

"சொல்றேன். அக்கா மனசு கஷ்டப்படுமோன்னு..."

"லிஃப்டுக்கு மேல ஏறி நிக்கறதுக்குப் பயமில்லை, அக்காகிட்ட பேசறதுக்குப் பயம். சரி, ஒண்ணு பண்ணுங்க. இதுங்களுக்குக் கால் முளைக்கறதுக்குள்ள பேசிடணும். இல்லைன்னா நானே வந்து பேசுவேன்."

அவர்கள் பேசியது கல்யாணத்தைப் பற்றி மட்டும் இல்லை மேடம். வேறு ஊரில் அவனுக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. இரண்டு பேரும் அங்கே போவதாகத் திட்டம். நான் இங்கே, வளையம் கோத்துக்கொண்டு.

நான் அழவில்லை. யோசித்தேன். கால் முளைத்தால்தானே?

தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், ஹீட்டர். குளிர்ந்த தண்ணீரில் அவை மெதுவாக வளரும் என்று அவளே சொல்லியிருந்தாள். அவன் வேலைக்குப் போனதும் பிளக்கைப் பிடுங்குவேன். அவன் திரும்பி வருகிற நேரத்தில் மறுபடி சொருகுவேன். தீனி வேளைக்குப் போட்டேன், தண்ணீர் மாற்றினேன். வேறு எந்தக் குறையும் வைக்கவில்லை. வாரங்கள் போயின. தலைப்பிரட்டைகள் தலைப்பிரட்டைகளாகவே இருந்தன. சின்னவனும் தினமும் குனிந்து பார்ப்பான், கால் இல்லை என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதை நான் கவனித்தேன். பேசுவதைத் தள்ளிப்போட அவனுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்த உதவியைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

அவள் ஒரு நாள் பகலில், அவன் இல்லாத நேரத்தில், சொல்லாமல் வந்தாள். தொட்டியில் கையை விட்டதும் முகம் மாறியது. "அக்கா, தண்ணி ஜில்லுன்னு இருக்கே" என்றாள். ஹீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, பிளக்கைச் சுவரில் சொருகி, அதன்மேல் டேப் வேறு ஒட்டினாள். கெட்டிக்காரி. ஆனால் சந்தேகப்படத் தெரியாதவள்.

காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள். குளிர் தாமதப்படுத்தத்தான் செய்யும். கால் முளைப்பதும் வால் கரைவதும் உண்மையில் தொண்டையில் இருக்கிற ஒரு சுரப்பியின் வேலை. அது இல்லாமலே பிறக்கிற தலைப்பிரட்டைகளும் உண்டாம்.

"அதுங்க செத்துப்போயிடுமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பெருசாகும், ஆனா தவளையாகாது. அதுபாட்டுக்குச் சாப்பிட்டுட்டு நீந்திட்டு இருக்கும்."

"அதுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"என்ன இழந்தோம்னு அதுக்குத் தெரியாதில்ல" என்று சிரித்தாள். "நமக்கும் அதே சுரப்பிதான்க்கா. இவர் மாத்திரை போடறாரே, அதேதான்."

யோசித்துப் பாருங்கள் மேடம். என் வீட்டில், என் காபியைக் குடித்துக்கொண்டு, எனக்குப் பாடம் நடத்தியது அவள்தான். நானாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது.

எனக்குச் சர்க்கரை உண்டு. காபியில் போட இனிப்பு மாத்திரை வைத்திருப்பேன். சின்னதாக, வெள்ளையாக இருக்கும். அவனுடைய பாட்டிலைக் காலி செய்து அதில் இவற்றை நிரப்பினேன். மாத்திரையை மாற்றினது நான்தான். அதை நீங்கள் இப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்க வேண்டாம். அன்றிலிருந்து என் காபியைக் கசப்பாகவே குடித்தேன். எதிர் வீட்டு அம்மாவுக்குக்கூட அது தெரியாது. அசல் மாத்திரைகளை நான் வீணாக்கவில்லை. ஊசி டப்பாவில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மட்டும், "இனிக்குதேக்கா" என்றான்.

"முழுங்கற மாத்திரையை யாருடா சப்பச் சொன்னது?" என்றேன். அப்புறம் கேட்கவில்லை. நான் கொடுக்கிற எதையும் அவன் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் குளியலறையில் பாட்டு நின்றது. இஸ்திரிப் பெட்டி மறுபடி என் கைக்கு வந்தது. சோபாவில் தூங்கினான். முகம் கொஞ்சம் உப்பி, சின்ன வயதில் இருந்த மாதிரி ஆனது. குளிர்கிறது என்று ஓயாமல் சொன்னான். திரைச்சீலைக்கு வந்த தடித் துணியில் அவனுக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். தொட்டியில் இதற்கு நேர் எதிராக நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றுக்கும் பின்னங்கால் வந்தது, முன்னங்கால் வந்தது, வால் சுருங்கியது. கைகளால் தீனியை வாய்க்குள் தள்ளிக்கொண்டன. சின்னவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதற்காகப் பார்க்கிறோம் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவளுக்குக் கவலை. ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். நானே கூட்டிக்கொண்டு போய்விட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றேன். வேலைக் களைப்பு என்றேன். கடைசியில் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற என்னிடமே பேச வருவதாக இருந்தாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சின்னவன் முந்திக்கொண்டான். எங்கிருந்து தைரியம் வந்ததோ. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நாக்கு தடித்த மாதிரி பேச்சு.

"அக்கா. நான்... அவளைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"யாரைடா?"

"அவதான். அந்த..." கையால் தொட்டியைக் காட்டினான். பேர் வரவில்லை. நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன். அவன் உதடு அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"பேரே தெரியாத பொண்ணை எப்படிடா கட்டிக்கிறது?" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். "போய்ப் படு. ஞாபகம் வந்ததும் சொல்லு."

அவன் போய்ப் படுத்தான். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. வேறு எந்த வீட்டிலாவது இந்தப் பேச்சு கூச்சலிலும் கதவடைப்பிலும் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் குரல்கூட உயரவில்லை.

மறுநாள் காலையில் அவனை வேலைக்கு அனுப்பினேன். பொத்தான்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்டின் மோட்டார் இருக்கிற அறையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கிடந்தானாம். கூட வேலை செய்கிறவர் தூங்குகிறான் என்று நினைத்துத் தொட்டிருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்தது. நல்லவேளை, லிஃப்டுக்கு மேல் நிற்கவில்லை. பார்த்தீர்களா, ஆண்டவன் எங்கள் பக்கம்தான் இருந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறான் என்று கேட்டார். அவள் எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்துவந்தாள். நான் நீட்டிய கையில் கொடுக்கவில்லை. ஒரு மாத்திரையை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னை அக்கா என்று அவள் கூப்பிடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. "இது இனிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு பெரியவளிடம் பேசுகிற முறையா அது?

செத்துப்போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அவனைக் கொல்ல நினைத்திருந்தால் நான் எதற்குப் போர்வை தைக்கிறேன்? அவன் என்னோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல். இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வாழ்க்கை அமைகிறது?

இப்போது அவன் கண் விழித்துவிட்டான் என்கிறீர்கள். நல்ல சேதி. அசல் மருந்தை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள், ஏற்றட்டும். ஆனால் என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று சொன்னதாகச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. அவள் சொல்லிக்கொடுத்திருப்பாள். இல்லையா? அவள் அறையிலேயே இல்லையா? எந்த ஊருக்குப் போகிறான் என்பதையும் சொன்னானா? அவள் பேரையும் சேர்த்து?

திக்கவில்லை, நடுவில் நிறுத்தவில்லை, உங்கள் கண்ணைப் பார்த்து நேராகச் சொன்னான் என்கிறீர்கள்.

அப்படியென்றால் சீக்கிரம் டாக்டரைக் கூப்பிடுங்கள் மேடம். என் தம்பிக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லை.